கேட்க வேண்டிய கேள்வி

"மவுத்தாப் போய்விடலாம் போல இருக்கிறது" என்னும் சொல் நம் வீடுகளில் மிக எளிதாகப் புழங்குகிறது. வெயிலில் நடந்து வந்து திண்ணையில் சாய்ந்த கிழவியும் சொல்வாள். கல்யாண வீட்டில் இருநூறு பேருக்குச் சகன் எடுத்து ஓய்ந்தவனும் சொல்வான். பரீட்சைக்கு முந்திய இரவில் பிள்ளையும் சொல்லும். சொன்னவர் அதை எண்ணிச் சொல்வதில்லை. கேட்டவர் அதைக் காதில் வாங்குவதுமில்லை. இப்படித் தேய்ந்துபோன ஒரு சொல்லுக்குள் நின்றுகொண்டு, என்றேனும் ஒருநாள் ஓர் உயிர் மெய்யாகவே கூப்பிடுமானால் அதை எவ்வாறு பிரித்தறிவது? கடந்த இரண்டாண்டுகளாக நம் மனத்தைவிட்டு அகலாத கேள்வி இது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் 7,20,000-க்கும் மேற்பட்டோர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்கின்றனர். 15 முதல் 29 வயது வரையுள்ளோரின் இறப்புக் காரணங்களுள் இது மூன்றாவது இடத்தில் நிற்கிறது. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் பதிவான தற்கொலைகள் 1,70,924. அவற்றுள் மாணவர் 13,044 பேர். அவ்வாண்டில் தமிழ்நாட்டில் மட்டும் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. "நம் பிள்ளைகளுக்கு அந்த எண்ணமே வராது, ஈமான் தடுத்துவிடும்" என்று சொல்லும் பெரியவர்களை நாம் மதிக்கிறோம். ஈமான் பலரைத் தடுத்து நிறுத்துகிறது என்பது உண்மையே. ஆயினும் எண்ணம் எழாதிருப்பது வேறு, எழுந்த எண்ணம் தடுக்கப்படுவது வேறு. எழுந்த எண்ணத்தோடு தனியே போராடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, "உனக்கு அது எழவே எழாது" என்னும் பேச்சு வாயை அடைத்துவிடுகிறது.

நம் தமக்கையாரின் மகன் அப்படித்தான் வாயடைத்திருந்தான். (அவன் இசைவோடுதான் இதை எழுதுகிறோம், பெயரும் ஊரும் வேண்டாம்.) வாப்பா தம்மாமில் சபராளி. பிள்ளை மருத்துவ நுழைவுத் தேர்வை இரண்டாம் முறை எழுதியும் இடம் கிடைக்கவில்லை. கிடைக்காததற்கு அவன் அழவுமில்லை, புலம்பவுமில்லை. எரிந்து விழுந்தான். அஸருக்குப் பின் கடற்கரையில் பந்தாடப் போவதை நிறுத்தினான். இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு மாடியில் நடந்தான். பருவ வயதில் மனச்சோர்வு துக்கமாகத் தோன்றாமல் கோபமாகத் தோன்றுவதும் உண்டு என்று பின்னர் அறிந்துகொண்டோம். நம் வீடுகளில் அதற்கு வழங்கும் பெயர் 'திமிர்'.

ஒருநாள் தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, இவன் வாப்பா அனுப்பின கைக்கடிகாரத்தைச் சின்னவன்கிட்டே குடுத்துட்டான். கேட்டா, 'எனக்கு இனிமே எதுக்கு'ங்கிறான். எனக்கு என்னமோ நல்லாப் படலை" என்றார். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். அருமையாக வைத்திருந்த பொருளை ஒரு பிள்ளை காரணமின்றி வாரிக் கொடுப்பது கவலைக்குரிய அறிகுறிகளுள் ஒன்று என்று எந்த நூலும் அவருக்குச் சொல்லவில்லை. அவ்வார இறுதிக்குள் மூவரும் மதுரைக்குப் பஸ் ஏறினோம்.

மருத்துவர் நடுவயது அம்மையார். முதலில் எங்கள் மூவரிடமும் பொதுவாகப் பேசினார். பிறகு பிள்ளையை மட்டும் இருக்கச் சொல்லி எங்களை வெளியே அனுப்பினார். அனுப்புமுன் எங்கள் காது படவே அவனிடம், "தம்பி, நீ சொல்வதை உன் உம்மாவிடம் சொல்லமாட்டேன். உன் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் மட்டும் சொல்வேன், அப்போதும் உனக்குச் சொல்லிவிட்டே சொல்வேன்" என்றார். தமக்கையாருக்கு இது சற்றும் பிடிக்கவில்லை. "பெத்தவளுக்குத் தெரியாமல் என்ன பேச்சு?" என்று வராந்தாவில் நம்மிடம் முணுமுணுத்தார். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் பிள்ளை பல மாதங்களுக்குப் பின் வாய் திறந்தான்.

உள்ளே என்ன கேட்டார் என்பதை அவனே பின்னர் சொன்னான். வீடு எப்படி, நண்பர்கள் யார், உறக்கம் உண்டா, யாரேனும் அடிக்கிறார்களா, பீடி சிகரெட் உண்டா என்று சுற்றி வந்து, பிறகு நேராகக் கேட்டிருக்கிறார். உறங்கப் போய் எழாமலே இருந்துவிட்டால் நன்று என்று தோன்றியதுண்டா? உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா? எப்படி என்று யோசித்தாயா? செய்துவிடும் நோக்கம் எப்போதேனும் இருந்ததா? ஏதேனும் ஆயத்தம் செய்தாயா? இதற்குமுன் எப்போதாவது முயன்றதுண்டா? கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வகுக்கப்பட்டு இன்று பல நாடுகளில் கையாளப்படும் வினாவரிசையும் ஏறத்தாழ இவ்வாறே படிப்படியாக ஏறிச் செல்கிறது. முதற்படியில் 'ஆம்' என்பவர் பலர். மேலே ஏற ஏற 'ஆம்' என்பதன் கனம் கூடுகிறது. நோக்கமும் வழியும் ஆயத்தமும் ஒன்றுசேர்ந்துவிட்டால் அதன்பின் 'நாளை பார்க்கலாம்' என்பதற்கு இடமில்லை. முன்பு ஒருமுறை முயன்றிருப்பது மற்றெல்லாக் குறிகளிலும் வலிய குறி.

நம் பிள்ளை முதல் மூன்றுக்கும் 'ஆம்' என்றிருக்கிறான்.

இப்படி வெளிப்படையாகக் கேட்டால், இல்லாத எண்ணத்தைப் பிள்ளை மனத்தில் நாமே விதைத்துவிட மாட்டோமா? வராந்தாவில் நமக்கும் இந்த அச்சம் இருந்தது. இதை வாசிக்கும் பெற்றோருக்கும் இருக்கும். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துப் பள்ளி மாணவர் 2,342 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் தற்கொலை பற்றி நேரிடையாகக் கேட்டும் மற்றவரிடம் கேட்காமலும் ஆராய்ந்து, முடிவை 2005-இல் வெளியிட்டார்கள். கேட்கப்பட்டவரிடம் மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. முன்பே துன்பத்தில் இருந்த மாணவருக்குக் கேட்டது ஓரளவு ஆறுதலாகவே இருந்தது. மூடிய அறையில் புகை சூழ நிற்பவனிடம் "புகை இருக்கிறதா?" என்று கேட்பதனால் புகை பெருகிவிடாது.

கேள்வி கேட்டு விடை பெற்றாகிவிட்டது. இனி இந்தப் பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்வானா மாட்டானா என்று மருத்துவர் சொல்லிவிடலாமே? தமக்கையார் கேட்டதும் அதுதான். "உறுதியாகச் சொல்லுங்கள், டாக்டரம்மா" என்றார். அந்த அம்மையார், "அது எனக்குத் தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது" என்றார். நமக்கு அப்போது அது கைவிரிப்பாகவே பட்டது. ஊர் திரும்பித் தேடிப் படித்தபோது அவர் சொன்னதன் நேர்மை விளங்கிற்று. ஐம்பது ஆண்டுக் காலத்தில் வெளிவந்த 365 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. அத்தனை அறிகுறிகளையும் கொண்டு இன்னார் உயிரை மாய்த்துக்கொள்வார் என்று முன்கூட்டிச் சொல்வது, காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதைவிடச் சற்றே மேலானது என்பதுதான் அதன் சாரம். பிரிட்டனில் மருத்துவ நெறிகளை வகுக்கும் தேசிய நிறுவனமும், தனக்குத் தானே தீங்கிழைத்துக்கொண்டவர்களை 'குறைந்த ஆபத்து, நடுத்தரம், மிகுந்த ஆபத்து' என்று மூன்று பெட்டிகளில் போட்டு, அதைக் கொண்டு யாருக்குச் சிகிச்சை, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கலாகாது என 2022-இல் விதித்துவிட்டது. 'குறைந்த ஆபத்து' என்று முத்திரை குத்தி அனுப்பப்பட்டோரிலும் மாண்டவர் உண்டென்பதே காரணம்.

அப்படியானால் இத்தனை கேள்விகள் எதற்கு? கடலுக்குப் போகிறவன் வானத்தைப் பார்ப்பதில்லையா? புயல் வந்தே தீரும் என்றோ வரவே வராது என்றோ அவன் சத்தியம் செய்வதில்லை. இன்று எவ்வளவு தூரம் போகலாம், கூட யார் வரவேண்டும், எப்போது திரும்பவேண்டும் என்பதை முடிவு செய்யவே பார்க்கிறான். பிள்ளைக்கு இன்று எது தேவை, எது அவனை அழுத்துகிறது, எது அவனைப் பிடித்து நிறுத்துகிறது என்று அறிவதற்கே கேள்வி. அந்த அறிவு அன்றைக்குரியது. அடுத்த வாரம் மறுபடியும் கேட்கத்தான் வேண்டும்.

கேட்டு முடித்த அம்மையார் மருந்துச் சீட்டு எழுதவில்லை. பிள்ளையின் கையில் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொடுத்தார். பார்பரா ஸ்டான்லி, கிரகரி பிரவுன் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் இருவர் வகுத்த 'பாதுகாப்புத் திட்டம்' அது. ஆறு பகுதிகள். அந்த எண்ணம் வரப்போகிறது என்பதை எதைக் கொண்டு உணர்கிறாய் என்பது முதல் பகுதி. "இரவு படியில் உட்கார்ந்து பழைய மதிப்பெண்ணைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்பேன்" என்று எழுதினான். அப்போது தனியாக நீ என்ன செய்தால் மனம் சற்று விலகும் என்பது இரண்டாவது. உளூச் செய்வது, பூனைக்குட்டியோடு விளையாடுவது என்று இரண்டு எழுதினான். பிறகு, மனத்தை வேறுபுறம் திருப்ப உதவும் மனிதரும் இடமும். அதன்பின், உதவி என்று வாய்விட்டுக் கேட்கக்கூடியவர். இதில் வாப்பா பெயரை எழுதி அடித்துவிட்டு, துபாயில் இருக்கும் பெரியப்பா மகன் காக்காவின் பெயரை எழுதினான். தமக்கையாருக்குக் கண் கலங்கிற்று. அம்மையார் அதைக் காணாதவர்போல் இருந்தார். ஐந்தாவது மருத்துவர், மருத்துவமனை, தொலைபேசி எண்கள். ஆறாவது வீட்டாருடைய வேலை: ஆபத்தான பொருள்களைக் கைக்கெட்டாமல் அகற்றுவது. வீட்டில் பெத்தும்மாவின் சர்க்கரை மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை எல்லாம் சன்னல் கட்டையில் கிடந்தன. அன்றிரவே அவை பீரோவுக்குள் போயின. சாவி தமக்கையாரின் இடுப்புக்குப் போயிற்று.

இந்த ஆறாவது பகுதியை அற்பமென்று யாரும் எண்ணவேண்டாம். அந்த எண்ணத்தின் உச்சம் பலருக்குச் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான் நீடிக்கிறது. அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாதிருந்தால் உயிர் தங்கிவிடுகிறது. தங்கிய உயிர்களுள் பெரும்பாலானவை பிறகு அவ்வழியில் போவதில்லை. 1995-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கையின் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்றாக இருந்தது. கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை அந்நாடு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் ஏறத்தாழ எழுபது விழுக்காடு குறைந்தது. அங்கே கவலைகள் குறைந்துவிட்டனவா? போர் நடந்த ஆண்டுகளும் அவற்றுள் அடங்கும்.

அடுத்து நடந்ததைப் படிப்படியான சிகிச்சை என்கிறார்கள். எல்லாருக்கும் எடுத்த எடுப்பில் பெரிய வைத்தியம் வேண்டியதில்லை. சிறியதிலிருந்து தொடங்கிக் குறித்த நாளில் நின்று பார்த்து, குணமில்லையேல் அடுத்த படிக்கு ஏற்றுவது. முதற்படி உறக்கம், உணவு, விளையாட்டு, வீட்டாரின் பேச்சுமுறை. அதற்கு மேல் பள்ளி ஆலோசகரோ பயிற்சி பெற்ற பணியாளரோ சில வாரம் பேசுவது. அதற்கு மேல் உளவியலாளரின் முறையான சிகிச்சை. பிறகு மனநல மருத்துவரின் மருந்து. உச்சியில் மருத்துவமனைப் படுக்கை. நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நிலையில், கீழ்ப்படிகளில் ஆள் நிறுத்தாவிட்டால் மேற்படியில் நெரிசலில் மடிய வேண்டியதுதான்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்வோம். இது படிக்கட்டே தவிர வரிசையன்று. உயிருக்கு உடனடி ஆபத்தில் இருக்கும் பிள்ளையை "முதலில் ஆறு வாரம் கீழ்ப்படியில் நில்" என்று சொல்லலாகாது. அவனை நேரே மேலே தூக்கிச் செல்ல வேண்டும். எங்கள் பிள்ளைக்கு நோக்கமும் ஆயத்தமும் இல்லை, வீட்டில் கண்காணிக்க ஆள் உண்டு என்பதனால்தான் நடுப்படியில் தொடங்கினார்கள். வாரம் ஒருமுறை உளவியலாளர். இடையே செவிலியரின் தொலைபேசி அழைப்பு. ஆறாம் வாரம் பார்த்தபோது உறக்கம் திரும்பவில்லை. மருந்து தொடங்கினார்கள். இத்தகைய மருந்துகள் இளவயதினர் சிலருக்குத் தொடக்கத்தில் அந்த எண்ணத்தைக் கூட்டக்கூடும் என்று அமெரிக்க அரசு 2004-இலேயே மருந்தின் விவரக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிடச் செய்தது. ஆகவே முதல் சில வாரம் அடிக்கடி அழைத்து விசாரித்தார்கள். எச்சரிக்கையைக் கேள்விப்பட்ட மச்சான் தம்மாமிலிருந்து, "நிறுத்திவிடுங்கள்" என்றார். டாக்டரம்மா அவரிடமே பேசி, திடீரென நிறுத்துவதன் கேட்டையும் விளக்கி அமைதிப்படுத்தினார்.

அந்தத் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி ஒரு சொல். சென்னை, கொழும்பு, ஈரானின் கரஜ், பிரேசிலின் கம்பீனாஸ், சீனத்தின் யுன்செங் ஆகிய ஐந்து நகரங்களில், உயிரை மாய்க்க முயன்று பிழைத்த 1,867 பேரை வைத்து உலக நலவாழ்வு நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தி 2008-இல் வெளியிட்டது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். மற்றவர்க்கு அத்துடன் ஒரு மணி நேர அறிவுரையும், பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பும். முன்னவரில் தற்கொலையால் இறந்தோர் 2.2 விழுக்காடு, பின்னவரில் 0.2. நோயாளியை நலம் விசாரிப்பது நம் மார்க்கம் ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம்மீது விதித்த கடமைகளுள் ஒன்று. கால் முறிந்தவன் வீட்டுக்கு ஹார்லிக்ஸ் புட்டியோடு ஊரே போகிறது. மனம் முறிந்தவன் வீட்டு வாசலில் மட்டும் நாம் செருப்பைக் கழற்றுவதில்லை.

ஓதிப் பார்ப்பது, தாயத்துக் கட்டுவது பற்றிய பேச்சும் வந்தது. ஒரு பெரியவர் ஏர்வாடியில் நாற்பது நாள் வைத்திருக்கச் சொன்னார். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் அவ்வூரில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டதை இக்கரையோரத்து மக்களான நாம் மறப்பதற்கில்லை. துஆவை நாம் குறை சொல்லவில்லை. சங்கிலியைக் குறை சொல்கிறோம். குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் 2008 முதல், துஆ ஓதுவோரும் மருத்துவரும் ஒரே வளாகத்தில் சேர்ந்து பணியாற்றும் ஏற்பாடு செய்யப்பட்டது. அது நமக்கு உகந்த வழியாகத் தோன்றுகிறது. நம் முன்னோருக்கும் இது புதிதன்று. கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணம் புலப்படாது உடலிலிருந்து எழும் துக்கம் வேறு என்று அன்றே பிரித்தார்.

பிள்ளை ஒருநாள் நம்மிடம், "மாமா, இப்படி நினைத்ததே குற்றம்தானே? என் ஈமான் போய்விட்டதா?" என்று கேட்டான். அவனுக்கு மர்யம் அலைஹஸ்ஸலாம் அவர்களின் வரலாற்றைச் சொன்னோம். பேறுகால வேதனையில், பேரீச்ச மரத்தடியில், இதற்குமுன்பே தாம் இறந்துபோயிருக்கக் கூடாதா என்று அவர்கள் ஏங்கியதைத் திருமறை மறைக்காமல் எடுத்துரைக்கிறது. அதற்கு விடையாக வந்தது கண்டனமன்று. கவலை வேண்டாம் என்னும் ஆறுதல், காலடியில் ஓடும் நீர், மரத்தை அசைத்தால் விழும் கனி. பிள்ளை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை ஏன் யாரும் பயானில் சொல்வதில்லை?" என்றான். நம்மிடம் விடை இல்லை.

பெற்றோர் மறைப்பதற்குப் போலீசும் ஒரு காரணம். 2017-இன் மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கலாகாது என்று விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றச் சட்டத்தில் பழைய 309-ஆம் பிரிவே இல்லை. ஆகவே கேஸ் ஆகிவிடும் என்று அஞ்சி மருத்துவமனைக்குப் போகாதிருக்கத் தேவையில்லை. மற்றொரு காரணம் ஜனாஸா பற்றிய பேச்சு. அவ்வாறு இறந்தவர்க்குத் தொழுகை இல்லை என்று நம் ஊர்களில் சிலர் சொல்லி, பெற்ற வயிற்றில் மேலும் நெருப்பைக் கொட்டுகிறார்கள். ஷாபிஈ, ஹனஃபி மத்ஹபுகள் இரண்டிலும் தொழுகை உண்டு என்பதே தீர்ப்பு. அச்செயல் விலக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. அந்த விலக்கை வைத்துக்கொண்டு இறந்தவர் வீட்டில் நாம் நீதிபதியாக அமர யார் இடம் கொடுத்தது?

பிள்ளை இப்போது இயன்முறை மருத்துவம் படிக்கிறான். தாளை இருமுறை திருத்தி எழுதியிருக்கிறான். வாப்பாவின் பெயர் இப்போது நான்காம் பகுதியில் இருக்கிறது. நலம் என்று சொல்லிவிடலாமா என்றால், இந்த மாதம் நலம் என்போம்.

ஜிம்பாப்வேயில் மரப் பெஞ்சுகளில் பாட்டிமார் அமர்ந்து மனம் நொந்தவரோடு பேசும் ஓர் ஏற்பாடு உண்டு. பதினான்கு கேள்விகள் கேட்டு, உயிராபத்து தென்பட்டால் அப்போதே மேலுள்ளவரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். 2016-இல் வெளியான ஆய்வு அது பயன் தருவதை மெய்ப்பித்தது. இதைப் படித்துக்காட்டி நம் ஜமாஅத்தில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரும் பெண்கள் மதரஸா உஸ்தாபி ஒருவரும் மாவட்ட மனநலத் திட்டத்தாரிடம் பயிற்சி பெற்று, சனிக்கிழமை அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நூலக மாடியில் இருக்கிறார்கள். 'மனநல மையம்' என்று பலகை மாட்டப் பெரியவர்கள் விரும்பினார்கள். "அப்படி எழுதினா ஒருத்தரும் ஏறமாட்டாங்க" என்று தமக்கையார் தடுத்துவிட்டார்; பலகையில் இன்னும் 'நூலகம்' என்றே இருக்கிறது. படிக்கட்டுச் சுவரில் மட்டும் 14416 என்னும் எண்ணைப் பெரிதாக எழுதியிருக்கிறோம். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேச ஆள் இருக்கும் அரசின் இலவச எண் அது. அவசரமென்றால் பிள்ளையைத் தனியே விடாமல் இராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல ஜமாஅத் ஆம்புலன்ஸ் உண்டு. டீசல் யார் போடுவது என்பதிலேயே ஒரு கூட்டம் முழுதும் கழிந்து, பைத்துல்மால் கணக்கில் எழுதுவதென்று முடிவாயிற்று. நள்ளிரவில் யார் ஓட்டுவது என்பது மட்டும் முடிவாகவில்லை. வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் பேசுவதாக இருக்கிறோம்.